பூக்கட்டி எடுத்த மொழி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் உலைகளுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி அது. நான் அங்கே கூட்டிப் பெருக்கி டீ போடுகிறேன். என் மகள் அங்கேயே இன்ஜினியராக இருந்தாள். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

மகள் ரஸ்ட் என்றாள். எட்டு மாதம் அதைப் படித்து, பாதியை எழுதியும் வைத்திருந்தாள். "தப்பா எழுதினா ஓடவே உடாதும்மா, அங்கியே புட்ச்சி நிறுத்திடும். உலைகிட்ட ஆளுங்க நிக்கிறாங்க இல்ல?" என்பாள். அவளுக்கு மூத்த இன்ஜினியர் ஜிக் என்றார். "பழைய சி கோடோட அப்டியே சேரும். ரஸ்ட்ட மத்தவங்க கத்துக்கவே ஒரு வருஷம் ஆவும்." அதிலும் நியாயம் இருந்திருக்கலாம். ஐந்தாவது படித்த எனக்கு என்ன தெரியும்.

முதலாளிக்கு இருவருமே வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். ரஸ்ட்டுக்குச் செவ்வரளி, ஜிக்குக்கு மல்லி. தனித்தனிக் காகிதத்தில் மடித்து, குலுக்கி, சாமி படத்தின் முன் போட்டார். எடுக்கக் குழந்தை யாரும் இல்லை.

"ஆயா, நீ வந்து எடு. உனக்கு இதெல்லாம் தெரியாது, அதான் நல்லது," என்றார் முதலாளி.

நான் கதவோரமே நின்றேன். மூத்தவர் சிரித்தார். "இன்னா சார், அம்மா எட்த்தா பொண்ணுக்குத்தான வரும்? ஊட்லயே பேசி வெச்சிக்கினு வந்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும், "எடும்மா," என்றாள்.

கிட்டே போனதும் தெரிந்தது. இடது பொட்டலத்தின் மடிப்பில் அரளிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கை அங்கேதான் போனது. ஆனால் முதுகில் அத்தனை கண்கள். திருட்டுத்தனம் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால்? வலது பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மல்லி. மகள் எழுதியதெல்லாம் அன்றே வீணாயிற்று.

ஷேர் ஆட்டோவில் கேட்டாள். "காம்பு வெளிய தெரிஞ்சுதேம்மா. நீ பாக்கல?"

"கண்ணு சரியாத் தெரியலடி."

இரண்டு மாதம் அந்த மூத்தவருக்குக் கீழே ஜிக்கில் எழுதினாள். பிறகு வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டாள். மூத்தவர் இப்போதும் டீ வாங்கும்போது என்னை ராசிக் கை என்கிறார்.

பொங்கலுக்கு வந்தவள், என்னைத் திருவள்ளூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். எழுத்துப் பலகையைக் காட்டினார், விளக்கு அடித்துப் பார்த்தார்.

"இந்த வயசுக்கு நல்லாவே தெரியுதே. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல."

மகள் தலையாட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.