பதின்மூன்றின் பயம்

அகராதியில் இருந்த ஒரு சொல்லை, இல்லை என்று நான் பொய் சொன்னேன்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாக்களாக இருந்தோம். சாப்பாட்டு வேளையில் ஒருவர் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றையும் அதன் பொருளையும் சொல்வார். அது மெய்யா, புளுகா என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அகராதி என்னுடையது என்பதால் நடுவரும் நானே.

ஒருநாள் எங்களில் ஒருவனான மிக்கேல், "டிரிஸ்கைடெகஃபோபியா. பதின்மூணாம் நம்பர்மேல உள்ள பயம்" என்றான். நான் கேள்விப்பட்டதே இல்லை. புரட்டினேன், இருந்தது. எனக்குத் தெரியாத சொல் இவனுக்கா என்ற பொறாமையில் அகராதியை மூடிவிட்டு, "இல்லை" என்றேன்.

"அப்ப பதினாலுக்குப் பயந்தா அதுக்கு என்னலே பேரு?" என்று எல்லோரும் சிரித்தார்கள். 'புளுகு மிக்கேல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பல் வந்துவிட்டது என்று அவன் சொன்னாலும், ஒருவர் எட்டிப் பார்த்த பிறகே நம்பினார்கள்.

அதைத் தாங்க முடியாமல் ஒரு மதியம் எல்லோர் முன்னும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு உங்க விரல் அந்த இடத்துல நின்னதைப் பார்த்தேன். நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன்" என்றான் மிக்கேல்.

அகராதியை அவனிடமே கொடுத்தேன். வாங்கித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு, "சரி, இன்னைக்கு உங்க வார்த்தையைச் சொல்லுங்க" என்றான்.

அவனுடைய அந்தப் பட்டப்பெயர் மட்டும், அவன் ஓய்வுபெறும் வரை போகவே இல்லை.