ஒற்றைக்கண் குட்டிகளும் சிப்ரியானோவின் கடாவும்

ஸ்பெயின் நாட்டு பாஸ்க் மலையிலிருந்து முதலில் ஒரு மூக்குதான் கப்பலேறி அமெரிக்கா வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சிப்ரியானோ வந்தான் என்று அவன் சித்தப்பா மகன் லியாந்த்ரோ சொல்லுவான். ஐடஹோ மலையில் ஆடு மேய்க்கிறவர்களுக்குள் அவ்வளவு பெரிய மூக்கு வேறு யாருக்கும் இல்லை. அவ்வளவு பெரிய ஆசையும் இல்லை. சம்பளத்தைக் காசாக வாங்காமல் பெட்டை ஆடுகளாகவே வாங்கி, முதலாளி ஹாட்லாக்கின் மந்தைக்குள்ளேயே தன் ஆடுகளையும் விட்டு, அவற்றின் முதுகில் நீல வட்டம் போட்டு வைத்திருந்தான். மந்தை இன்னும் கொஞ்சம் பெருத்தால் தனியாகப் பிரித்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் அவனும் ஒரு முதலாளி.

அதற்காகவே ஒரு கடாவும் வாங்கினான். பிஷப் என்று பெயர். அது நடந்து வந்தால் மலை ஒதுங்கி வழிவிடும். முதலாளியின் பெட்டைகளையும் அதனோடுதான் சேர்த்தார்கள்.

ஈற்றுக்காலம் வந்தது. முதல் குட்டி வெளியே விழுந்ததும் லியாந்த்ரோ சிலுவை போட்டுக்கொண்டான். நெற்றி நடுவில் ஒரே கண். முட்டை அளவுக்கு, ஈரமாக, அவனையே பார்த்தது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மூச்சுவிட வழியில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அண்ணே, உன் மூக்குலயே ரெண்டு குட்டிக்குப் பங்கு வைக்கலாம். கொஞ்சம் வெட்டிக் குடேன்" என்றான் லியாந்த்ரோ.

சிப்ரியானோ குட்டியின் பின்னங்காலைப் பிடித்து வண்டிச் சக்கரத்தில் ஒரே அடி அடித்தான். பிறகு அடுத்தது. சில பெட்டைகளுக்கு நாள் கடந்தும் வலியே வரவில்லை. உள்ளே குட்டி வளர்ந்துகொண்டே போய், கன்றுக்குட்டி அளவாகி, தாயோடு சேர்ந்து செத்தது. அதில் பாதி நீல வட்டம் போட்டவை.

இந்த மாதிரிக் குட்டி அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் பிறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கேட்டால் எல்லா முதலாளியும், "ஈத்து பிரமாதம்" என்பார்கள். ரத்தம் கெட்ட மந்தை என்று பேர் வந்தால் அந்தப் பண்ணைக் கடாவை நாய்கூட வாங்காது. அதனால் குட்டியைப் புதைப்பார்கள், மேலே கல்லை வைப்பார்கள், வாயை மூடிக்கொள்வார்கள். பழி ஏதாவது ஒரு கடா தலையில் விழும்.

"டேய் சிப்ரி, உன் பிஷப் ரத்தம்தான் கெட்ட ரத்தம். இன்னிக்கே அறுத்துடு. நீயே அறு" என்றார் ஹாட்லாக்.

"மொதலாளி, அது நல்ல கடா..."

"நல்ல கடாவா? அப்போ குழம்பும் நல்லாத்தான் இருக்கும்."

அறுத்தான். பூண்டும் சிவப்பு மிளகாயும் போட்டு இரும்புச் சட்டியில் வேகவைத்ததும் அவனே. கிழட்டுக் கறி. உலகம் அழியும்வரை வேகவைத்தாலும் வேகாது போலிருந்தது.

"அண்ணே, பிஷப் இன்னும் பல்லோட சண்டை போடறாரு!" என்று லியாந்த்ரோ சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சிப்ரியானோ வெறும் ரொட்டியை மட்டும் தின்றான்.

அடுத்த வருடம் ஹாட்லாக்கின் சொந்தக் கடாவைச் சேர்த்தார்கள். குட்டிகளுக்கு அதே ஒற்றைக்கண். அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு கால்நடை டாக்டரை வரவழைத்தார். டாக்டர் க்ராண்டல் கோடை முழுக்க மந்தையோடு நடந்தார், ஆடு தின்ற ஒவ்வொரு இலையையும் பறித்தார், சிலவற்றைச் சில பெட்டைகளுக்குத் தானே ஊட்டினார். குட்டிகள் பிறந்து பார்த்தபின் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஓர் அகலமான இலையை மேசைமேல் போட்டார். உயரத்துச் சதுப்பில் முளைப்பது. மேய்ப்பர்கள் அதை நாற்றக்கோசு என்பார்கள்.

"இதுதான். கடா சேர்ந்த ரெண்டாவது வாரத்துல தின்னாப் போதும்."

"இலை எப்படி டாக்டர் கண்ணைத் திங்கும்?" என்றான் லியாந்த்ரோ.

"திங்கலப்பா. அந்த வாரம் குட்டி ஒரு அரிசி அளவுதான். கண்ணுக்குன்னு நடுவுல ஒரே ஒரு இடம் இருக்கும். அதுக்கு அடியில இருக்கற செல்லுங்க ஒரு சேதி அனுப்பும். நீ நாய்க்கு விசிலடிக்கற மாதிரின்னு வெச்சுக்கோ. கிட்ட இருக்கற செல்லுக்குப் பலமாக் கேக்கும், எட்ட இருக்கறதுக்கு லேசாக் கேக்கும். கேட்ட அளவை வெச்சுத்தான் நான் என்ன ஆகணும்னு ஒவ்வொண்ணும் முடிவு பண்ணும். நடுவுல இருக்கறது வழிவிட்டு ஒதுங்கும். கண்ணு ரெண்டாகும், மூளையும் ரெண்டு பாதியாப் பிரியும். இந்த இலை அதுங்க காதை அடைச்சிடுது போல. விசில் கேக்கல, யாரும் ஒதுங்கல. எல்லாம் ஒண்ணாவே ஒட்டிக் கெடக்கு."

"பொறக்கற வலி வராததும் அதனாலயா?"

"தாய்க்கு வலியைத் தூண்டற சுரப்பியும் குட்டி தலையில அந்த நடு இடத்துலதான் உருவாகணும். அதுவே இல்லன்னா குட்டிக்கு வெளிய வரணும்னு எப்படித் தெரியும்?"

சிப்ரியானோ எழுந்து நின்றுவிட்டான். "அப்போ ரத்தம் கெட்டதில்ல! பிஷப் ஒண்ணுமே பண்ணல! கேட்டீங்களா மொதலாளி?"

"கேட்டேன்" என்றார் ஹாட்லாக், வாயைத் துடைத்துக்கொண்டே. "கடா சேர்ந்த கையோட ஆட்டை அந்தச் சதுப்புக்கு ஏத்தினது யாரு?"

அது சிப்ரியானோவின் ஊர் வழக்கம். சினைப்பட்ட ஆட்டை உடனே உயரத்து ஈரப் புல்லுக்கு ஏற்றிவிடுவார்கள். அவன் ஊர் ஈரத்தில் நாற்றக்கோசு கிடையாது. மற்ற மேய்ப்பர்கள் பலரும் கீழே காய்ந்த சரிவிலேயே சோம்பிக் கிடக்க, தான் முதல் ஆளாக ஏறுவதாக அவனுக்கு எவ்வளவு பெருமை! அதிலும் நீல வட்டம் போட்டவற்றைத்தான் முன்னால் விட்டான், நல்ல புல் அவற்றுக்குக் கிடைக்கட்டும் என்று.

"நான்தான் மொதலாளி."

"கடா பண்ணியிருந்தா கடாவோட போயிருக்கும். பண்ணது நீ. இத்தனை வருஷமாச் செத்த என் ஆட்டுக்கெல்லாம் உன் ஆடு ஈடு. சரிதானே டாக்டர்?"

டாக்டர் இலையை எடுத்துப் பைக்குள் வைத்தார். "நான் ஆட்டுக்கு மட்டும்தான் டாக்டர்" என்றார்.

மறுநாள் லியாந்த்ரோ பெட்டைகளைப் பிடித்துக்கொடுக்க, நீல வட்டங்களின் மேல் ஹாட்லாக்கின் சிவப்புப் பட்டையைச் சிப்ரியானோவே போட்டான்.

"நேராப் போடுண்ணே. கோணலாப் போட்டா அதுக்கும் ஈடு கேப்பாரு" என்றான் லியாந்த்ரோ. இந்தத் தடவை அவனே சிரிக்கவில்லை.

அந்த வருடம் கடா சேர்ந்ததும் சிப்ரியானோ மந்தையைக் கீழேயே, காய்ந்த சரிவில் நிறுத்தினான். ஈற்றுக்காலத்தில் விழுந்த குட்டி அத்தனைக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு, பளிச்சென்ற முகம். ஹாட்லாக் கோயில் வாசலில், "ஈத்து பிரமாதம்" என்றார். முதல்முறையாக அது உண்மை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்துத் தாயிடம் விட்டது சிப்ரியானோதான். அதில் ஒன்றுகூட அவனுடையதில்லை.