தேதி இல்லாதவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு சிறிய ஆராய்ச்சி அலுவலகத்தில் புள்ளிவிவர வேலை பார்த்தேன். விசாரணைக் கைதிகளைப் பற்றிய ஆய்வு அது. சொந்த வீடு உள்ளவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி ஜாமீனில் வெளியே வருகிறார்களா என்பதுதான் கேள்வி. கைதாகி ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறு பக்கம்.

மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் அந்தக் கைதிகளில் ஒருவர். பெயிண்டர். வேலை செய்த வீட்டில் நகை காணாமல் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் ஷூரிட்டி நிற்க, வீட்டுப் பத்திரம் உள்ள ஆள் வேண்டும். எங்கள் தெருவில் யாரிடம் இருக்கிறது பத்திரம்? அக்கா உல்சூர் வரை போய்க் கெஞ்சாத ஆள் இல்லை.

"நீ ஆபீஸ்ல எழுதுறத ஜட்ஜுங்க படிப்பாங்களா கண்ணு?" என்று கேட்பாள்.

"படிப்பாங்கக்கா" என்பேன். நம்பித்தான் சொன்னேன்.

ஆறு மாதம் முடியும் முன்பே அவர் ஜெயிலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

எங்கள் புள்ளியியல் சோதனையில், சொந்த வீட்டுக்காரர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தரவு பலமாக மறுத்தால்தான் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். "கோர்ட் மாதிரிதாம்மா. நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதி" என்று எங்கள் ஆய்வுத் தலைவர் பெருமையாக விளக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தரவில் இருந்த அத்தனை பேரும் எதுவும் நிரூபணமாகாமலே உள்ளே கிடந்தவர்கள்.

அக்காவின் கணவரைப் போல ஆறு மாதத்துக்குள் உள்ளேயே இறந்தவர்களை நான் வெளியே வராதவர்கள் பக்கம் சேர்த்திருந்தேன். தலைவர் பார்த்துவிட்டார்.

"இவங்கள எடுத்துடு. ஆறு மாசமும் முடியல, வெளிய வந்த தேதியும் இல்ல. மிஸ்ஸிங்."

"இவங்க வெளிய வரலையே சார்."

"உயிரோட இருந்திருந்தா அடுத்த வாரமே வந்திருக்கலாம். நமக்கு எப்படித் தெரியும்?"

பாடப்புத்தகத்தின்படி அவர் சொன்னது சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். இறந்தவர்களில் அநேகர் வாடகை வீட்டுக்காரர்கள்; அவர்களை எடுத்ததும், மயிரிழையில் நின்றிருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 'வித்தியாசம் இல்லை' என்று அறிக்கையில் போட்டார்கள். 'நிரூபணமாகவில்லை' என்றாவது போடுங்கள் என்று சண்டை பிடித்தேன். இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். எப்படி ஒன்றாகும்?

அறிக்கை வந்த செய்தியை அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரு எந்தப் பக்கம் வந்தாரு? வந்தவங்க பக்கமா, வராதவங்க பக்கமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டுலயும் இல்லக்கா" என்றேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அங்கயும் சேத்துக்கலியா?" என்றாள்.