தாளின் நடுவே ஒரு கோடு

என் வேலையை மேற்பார்க்கும் பிலோமினா மிஸ் என் அறிக்கையை மேசையில் விரித்து, தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "இடப்பக்கம் நீர் கண்டது. வலப்பக்கம் நீர் நினைச்சது. பிரிச்சு எழுதும்." மனம் நொந்தவர்களுக்குத் துணைநிற்கும் உளவளத்துணை வேலையில் கேட்பது லேசு, எழுதுவதுதான் வில்லங்கம். இதே வேலையில் அடிபட்ட உங்களுக்கு இது புதிதல்ல.

மூச்சு

போர் துரத்தி வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு முகாம். அங்கே றஹீமா ராத்தா என்ற முஸ்லிம் அக்கா நித்திரையின்றித் தவித்தார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். மறுகிழமை, நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். 'மூச்சுப் பயிற்சி நித்திரையின்மையைக் குணமாக்கும்' என்று முகாமில் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்துக்கு எழுதிவிட்டேன்.

"ஒரு ஆளை வெச்சா? அந்தக் கிழமை வேற என்ன நடந்தது?" என்றார் மிஸ். உப்புக்காற்றில் சைக்கிள் மிதித்துப் போய் ராத்தாவிடமே கேட்டேன்.

"கூரைக்குப் புதுக் கிடுகு போட்டாங்க தம்பி. இப்ப மழைத்தண்ணி மூஞ்சில விழுறல்ல."

தட்டு

ராத்தாவின் கணவர் வரும் வழியில் காணாமற்போனவர். பின்னேரங்களில் நான் போகும்போதெல்லாம் அடுப்படியில் ஒரு தட்டுச் சோறு மூடியிருக்கும். அது அவருக்குத்தான் என்று முடிவுகட்டி, 'கணவரின் இழப்பை ஏற்க மறுக்கிறார்; மனநோய்' என்று எழுதி, ராத்தாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டும் எழுதினேன். கோடு போட்ட தாளில் அந்த வரி எந்தப் பக்கம் என்று மிஸ் கேட்டார். துண்டோடு ராத்தாவிடம் போனேன். வாசித்ததும் அதை மடித்து என்னிடமே நீட்டினார்.

"மவளுக்கு ஒரு எடம் பேசியிருக்கு. உம்மாக்குப் பைத்தியமெண்டு தெரிஞ்சா வருவாங்களா?"

"அப்ப அந்தச் சோறு ஆருக்கு ராத்தா?"

"எனக்குத்தான். ரமழான் நோன்புல விட்ட நாளுகள இப்பப் புடிக்கிறன். விடியமுன்ன சஹருக்குத் திங்க வெச்சது. உங்கட ஆக்கள்ள நோன்பு இல்லயெண்டா, என்னட்டக் கேட்டிருக்கலாமே தம்பி."

வெறும் பக்கம்

துண்டைக் கிழித்தேன். புதுத் தாளின் இடப்பக்கம் 'தட்டில் சோறு மூடியிருந்தது. நோன்புக்கு என்கிறார்' என்று எழுதினேன். வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இப்பத்தான் எழுதப் பழகியிருக்கிறீர்."

எத்தனையோ பக்கம் எழுதிவிட்டேன், பிழையே இல்லாதது அந்த வெறும் பக்கம் மட்டும்தான். மறுகிழமை போனபோது, ராத்தா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மூடிய தட்டை நோக்கி எறும்பு ஊர்ந்தது. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, எறும்பு எட்டாதபடி தட்டை அதன் நடுவே தூக்கி வைத்தேன்.