கண் வைக்காத சிப்பாய்

பாலக்கரையில் சின்னையனின் முகம் தெரியாதவர்கள்கூட அவன் கைவேலையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து லால்குடிப் பக்கத்து ஊர்கள் வரைக்கும் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவன் அவன். சாரத்தில் ஏறிவிட்டால் இறங்க மனசு வராது, இறங்கிவிட்டால் வாயில் பேச்சு வராது. வீட்டில் அவன் மனைவி அமிர்தம் இரண்டு பேர் பேச்சையும் தானே பேசிக்கொள்வாள்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். அண்ணி வெள்ளையம்மாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவள் புருஷன் ஆண்டி பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி மலாயாவுக்குப் போனான். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. காணவில்லை என்று மட்டும் சர்க்கார் சொன்னது. செத்தான் என்று சொன்னால் அழலாம், பிழைத்தான் என்று சொன்னால் சிரிக்கலாம். காணவில்லை என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? வெள்ளையம்மாள் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவளைக் காக்க வைத்ததில் சின்னையனுக்கும் பங்கு உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி அவன் இரண்டு வேட்டி எடுப்பான். ஒன்று தனக்கு, ஒன்று அண்ணனுக்கு. அண்ணி அதன் முனையில் மஞ்சள் தடவித் தகரப் பெட்டியில் வைப்பாள். "வந்துருவாரு அண்ணி. எத்தனை பேரு இப்படித் திரும்பி வந்திருக்காங்க" என்பான். முதல் சில வருஷம் நம்பிச் சொன்னான். அப்புறம், நம்பாமல் சொல்வதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சொன்னான். 1958-ல் அந்தப் பெட்டியை மூட ஒருவர் மேலே ஏறி உட்கார வேண்டியிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விட்டுவைக்கவில்லை. மழையில் சாரம் கட்ட முடியாது. சின்னையன் வீட்டில் உட்கார்ந்து அமிர்தத்தின் பேச்சைக் கேட்டுக் காது புளித்திருந்த நேரத்தில், அதே சந்தில் குடியிருந்த ஹனீஃபா வந்து கூப்பிட்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சின்னையா, பொன்மலையில ஒரு வேலை இருக்கு. கோபுரத்துப் பொம்மைதான். என்ன, உன் சுண்டு விரல்ல பாதி ஒசரம்."

பொன்மலை ரயில்வே காலனியில் பேட்ரிசியா என்ற ஆங்கிலோ இந்திய அம்மாள் இருந்தார். என்ஜின் டிரைவராக இருந்த அவர் புருஷன் காலமாகி இரண்டு வருஷம். அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம். சாப்பாட்டு மேஜையில் சண்டை நடத்துவது. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் சிப்பாய்கள் வார்ப்பார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரனும் திருச்சிக் கோட்டையில் இங்கிலீஷ்காரனுமாக நின்று போட்ட சண்டையை, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹனீஃபாவோடு பகடை உருட்டித் திரும்பப் போடுவார். அவர் போன பிறகு அந்த அம்மாள் பிரெஞ்சுப் படையைத் தானே எடுத்துக்கொண்டார். வார்த்து வைத்துவிட்டுப் போன சிப்பாய்கள் ஒரு டப்பா நிறைய வர்ணமில்லாமல் கிடந்தார்கள். அவர்களுக்குத்தான் ஆள் தேடினார்.

சின்னையன் போய்ப் பார்த்தான். மேஜையில் விரித்திருந்த நீலத் துணி காவிரி. அடுக்கி வைத்த தீப்பெட்டிகள் மலைக்கோட்டை. ஸ்ரீரங்கம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த அம்மாளின் டீ கோப்பை இருந்தது. போன வருஷம் முழுக்கத் தான் தொங்கிக்கொண்டிருந்த கோபுரம் அந்தக் கோப்பைக்கு அடியில்தான் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்ததும் சின்னையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தவணையில் அவன் மண்ணைக் கவ்வினான். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பொருளாயிற்றே என்று நினைத்து மிருதுவாக, மழமழவென்று பூசிக் கொண்டுபோனான். மேஜையில் நிறுத்தி நாலடி தள்ளி நின்று பார்த்தால் முகமும் இல்லை, கையும் இல்லை.

"என்னய்யா இது, நனைஞ்ச தீக்குச்சி மாதிரி நிக்கிறானுங்க!" என்றார் ஹனீஃபா.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பொம்மைகளை முறைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் புத்தியில் பட்டது. உயரத்தில் இருக்கிற பெரிய பொம்மையும் பக்கத்தில் இருக்கிற சின்னப் பொம்மையும் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரே அளவுதான். கோபுரத்தில் அவன் மடிப்புக்கு மடிப்பு கருப்பேற்றி, கண்ணை முட்டை முட்டையாக வைத்தால்தான் கீழே நிற்கிறவனுக்கு சாமி சாமியாகத் தெரியும். இங்கேயும் அதையேதான் செய்ய வேண்டும். பழுப்பு வர்ணத்தை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து ஆளின் மேல் ஓடவிட்டான். அது தானாகவே பள்ளம் பார்த்துப் போய்த் தங்கியது. மேட்டில் இருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்து, மூக்கு நுனியிலும் தோள்பட்டையிலும் வெளிர் வர்ணம் ஒரு பொட்டு வைத்தான். ஈயக்கட்டி மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அமிர்தமே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அணி, இங்கிலீஷ்காரனுக்காகச் சண்டை போட்ட நம்மூர்ச் சிப்பாய்கள். கறுத்த முகம், சிவப்புச் சட்டை. ஒரு சிப்பாய்க்கு அச்சில் ஏதோ கோளாறு, இடது கன்னத்தில் சின்னக் குழி விழுந்திருந்தது. சின்னையன் அதைக் கவனிக்கவில்லை. வர்ணத் தண்ணீர் ஓடி அந்தக் குழியில் தங்கி உலர்ந்த பிறகு திருப்பிப் பார்த்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

ஆண்டிக்குச் சின்ன வயசிலேயே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இடது கன்னம் ஒடுங்கியிருக்கும். அந்த நிழலேதான். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, என்னடா என்று கேட்கிற மாதிரி அண்ணன் அவன் உள்ளங்கையில் நின்றான்.

சின்னையனின் தொழிலில் கண் திறப்பதுதான் கடைசி வேலை. உடம்பெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் குளித்து, சூடம் காட்டி, அணில்மயிர்த் தூரிகையால் விழி வைப்பார்கள். அதுவரை அது சுண்ணாம்பு. விழி வைத்த பிறகு உயிர். சாமியோ சிப்பாயோ, அவனுக்குப் பழக்கம் ஒன்றுதான். சூடம் காட்டி வரிசையாக எல்லோருக்கும் கண் திறந்துகொண்டே வந்தவன், கன்னம் ஒடுங்கிய சிப்பாயிடம் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். கண் திறந்தால் பொன்மலை மேஜைக்குப் போக வேண்டும். போனால் பகடை விழும், சாக வேண்டும். அந்தச் சாவைத் தன் கையால் தொடங்கி வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கண்ணில்லாமலே மற்றவர்களோடு கொண்டுபோனான். பேட்ரிசியா அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆள். உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"சின்னையன், இந்த ஆளுக்குக் கண்ணே இல்லியே!"

"அடுத்த வாரம் வெச்சுத் தந்துடுறேம்மா."

சிப்பாயைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தான். அடுத்த வாரம் அஷ்டமி என்றான். அதற்கடுத்த வாரம் ஈரம் காயவில்லை என்றான். குருட்டுச் சிப்பாயை வைத்துக்கொண்டு கோட்டையை எப்படிக் காப்பது என்று ஹனீஃபா கேலி செய்தார். சிப்பாய் மட்டும் சின்னையனின் வர்ணப் பலகையில், டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

தூரிகை கழுவி வைப்பது வெள்ளையம்மாளின் வேலை. ஒரு காலையில் அவள் பலகையைத் துடைக்கும்போது அவன் அகப்பட்டுக்கொண்டான். அவள் அதை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இவருக்கு ஏன் கண்ணு வைக்கல?"

இவர் என்று அவள் சொன்னதிலேயே சின்னையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "மழைக்காலம்... காயல அண்ணி" என்று இழுத்தான்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீங்க வேட்டி எடுத்துட்டு வரும்போதெல்லாம் உங்க முகத்தைப் பாத்திருக்கேன். நீங்க எனக்காகச் சொல்றீங்க, நான் உங்களுக்காகத் தலையாட்டுறேன். ரெண்டு பேரும் சேந்து அவரை எங்கயும் போகவிடாம நிறுத்தி வெச்சிருக்கோம். கண்ணைத் திறந்து விடுங்க. கூட்டாளிங்களோட போகட்டும்."

சின்னையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். அண்ணன் போனதற்கு அவன் அதுவரை அழுததே இல்லை. அழுதால் செத்ததாகிவிடுமே!

அழுது முடித்துக் குளித்தான். அவள்தான் சூடம் ஏற்றினாள். அவன் கண் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். எங்க நிக்கிறாருன்னு பாக்கணும்" என்றாள் வெள்ளையம்மாள்.

பஸ்ஸில் சின்னையன் ஹனீஃபாவிடம் விஷயத்தைச் சொன்னான். பொன்மலை வந்ததும் பேட்ரிசியா அம்மாளிடம் அவர் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் தன் நாற்காலியையே இழுத்து வெள்ளையம்மாளுக்குப் போட்டார்.

சண்டை தொடங்கியது. ஹனீஃபா தன் ஆட்களை ஆற்றங்கரைக்கு நகர்த்தினார். கன்னம் ஒடுங்கிய சிப்பாயை மட்டும் தீப்பெட்டிக் கோட்டைக்குள்ளே பத்திரமாக நிறுத்தினார். அப்படி ஒரு விதி அந்த விளையாட்டில் கிடையாது. பேட்ரிசியா அம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"பாய்," என்றாள் வெள்ளையம்மாள், "அவரை மட்டும் ஏன் உள்ள வெச்சிருக்கீங்க? அவரு பயந்து பின்னால நிக்கிற ஆளு இல்லை. முன்னால விடுங்க."

ஹனீஃபா சின்னையனைப் பார்த்தார். சின்னையன் தலையசைத்தான். சிப்பாய் முன்வரிசைக்கு வந்தான். பேட்ரிசியா அம்மாள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"போடுங்கம்மா" என்றாள் வெள்ளையம்மாள்.

முதல் உருட்டலில் பக்கத்து ஆள் விழுந்தான். அடுத்ததில் ஆண்டி. அந்த வீட்டில் செத்தவனை விரலால் தட்டிவிடும் வழக்கம் இல்லை. படுக்க வைக்க வேண்டும் என்பது காலமான டிரைவர் போட்ட சட்டம். பேட்ரிசியா அம்மாள் சிப்பாயை இரண்டு விரலால் எடுத்து, நீலத் துணியின் ஓரத்தில் மெதுவாகக் கிடத்தினார்.

ஆட்டம் முடிந்ததும் செத்தவர்களையெல்லாம் எழுப்பி டப்பாவில் நிறுத்துவது வழக்கம். அடுத்த ஞாயிறு திரும்பவும் சண்டை இருக்கிறதே. ஹனீஃபா ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டே வந்தார். அவர் கை கடைசிச் சிப்பாயின் அருகில் வந்தபோது வெள்ளையம்மாள் எழுந்தாள்.

"மத்தவங்களை எழுப்புங்க பாய். இவரு படுத்திருக்கட்டும்." பிறகு கொழுந்தனிடம் திரும்பினாள். "கண்ணை மூடிவிடுங்க தம்பி. அதை யாரும் அவருக்குச் செஞ்சிருக்க மாட்டாங்க."

சின்னையன் எத்தனையோ கண்களைத் திறந்திருக்கிறான், ஒரு கண்ணையும் மூடியதில்லை. பையிலிருந்து தூரிகையை எடுத்தான். விழியின் மேல் முகத்து நிறத்தை வைத்து, அதன் கீழே பழுப்பில் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தான். மூடிய கண் அவ்வளவுதான், ஒரு நிழல்.

பேட்ரிசியா அம்மாள் சிப்பாயைத் தன் கைக்குட்டையில் வைத்து வெள்ளையம்மாளிடம் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுத்துக்கொள்ளவும் இல்லை.

தை அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் சின்னையன் அப்பாவுக்கும், முதன்முதலாக அண்ணனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பெட்டியிலிருந்த வேட்டிகளில் ஒன்றைக் கிழித்துச் சுற்றிய சிப்பாய், காவிரியில் இறங்கினான். மற்ற வேட்டிகளைப் படித்துறையில் உட்கார்ந்திருந்த ஏழைகளுக்கு வெள்ளையம்மாள் தன் கையாலேயே கொடுத்தாள். குங்குமத்தை அழிக்க வந்த உறவுக்காரிகளிடம், அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது காலிப் பெட்டியைச் சின்னையன் தூக்கிக்கொண்டான். வெள்ளையம்மாள் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த தீபாவளிக்கு உங்களுக்கு மட்டும் வேட்டி எடுங்க தம்பி."