பெயர் அட்டையைக் கழற்றியவர்

மலேசியாவின் செமோரில் எங்கள் வீட்டு இணையம் மெதுவானபோது வந்த டெக்னீஷியன் அவர். நரைத்த மீசை, சட்டையில் பெயர் அட்டை. எந்தப் பெட்டியையும் கைக்குட்டையால் துடைத்த பிறகே தொடுவார். மோடத்தைத் துடைத்தார், உடனே ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியை அணைத்துவிட்டார்.

"எல்லா வீட்லயும் மொதல்ல இதத்தான் அடைப்பேன்லா. கம்ப்ளேன் கொறையும்."

எனக்குக் கொதித்தது. அடையாளம் தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் தன்னார்வ வலைப்பின்னலுக்காக என் கணினி ஒன்று ஓடுகிறது. பழைய வகை முகவரிகளைத் தடுத்திருக்கும் இடங்களிலிருந்து வருபவர்களுக்குப் புதிய முகவரிதான் வாசல்.

"கேக்காம அணைப்பீங்களா அண்ணே? அது வழியா ஆளுங்க வந்துக்கிட்டு இருந்தாங்க!"

"யாரு?"

"தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் இத ஓட்டுறேன்."

"பேரு தெரியாத ஆளுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?"

மறுபடி திறக்க வைத்தேன். புகார் கொடுக்கப்போவதாகவும் சொன்னேன். அவர் பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"கம்ப்ளேன் பண்ணுங்க தங்கச்சி. என் பேரு மட்டும் வேணாம்லா. வேல போயிரும்."

பெயரில்லாமல்தான் புகார் எழுதினேன். இன்றும் அவர் ஏதோ ஒரு வீட்டில் துடைத்துவிட்டு அணைத்துக்கொண்டிருப்பார். அட்டையில் இருந்த பெயர் எனக்கு மறக்கவேயில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.