எக்ஸ்சேஞ்ச் அக்காவின் குரல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, அதில் ஒரு டெலிபோன் போர்டு, இரண்டு நாற்காலி. இருபத்திரண்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்து, வருகிற அழைப்பை எல்லாம் வார்டு வார்டாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். முந்நூற்றுச் சொச்சம் உள்எண்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஒரு கிழவர் போனில் வந்தார். மனைவி எந்த வார்டில் இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள். ஐந்தாவது தடவை கேட்டபோது, "கொஞ்சம் பேசாம..." என்று ஆரம்பித்தாள். "இருங்க" வரவில்லை. உதடு அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, லைன் போச்சா?"

அக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "ஒரு பழுதும் இல்லையே. எங்க, இருமுங்க."

கணீரென்று இருமினாள்.

"இருமலுக்கு இருக்கிற குரல் பேச்சுக்கு மட்டும் எங்கம்மா போச்சு?" என்றவர், மாடியில் இருந்த மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று கிசுகிசுத்தாள் அக்கா. கிசுகிசுப்புதான் மிச்சமிருந்தது.

"யாரு சொன்னா? நீங்க நடிக்கலைன்னு எனக்குத் தெரியுது. அதனாலதான் அனுப்பறேன்."

முதல் தடவை போக வேண்டிய நாளை மறந்தே போனாள். இரண்டாம் தடவை புதனை வியாழன் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் பத்துத் தடவை இணைப்புக் கொடுக்கிற அறைதான், அதன் எண்கூடத் திடீரென்று நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் தடவை பக்கத்து நாற்காலிக்காரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டாள்.

அந்த டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அதட்டவில்லை. "ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு ரெண்டு தடவை வராம விட்டுட்டீங்க. உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு இங்க வர வேண்டாங்குது. அது என்னன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்ப்போம்," என்றார்.

வீட்டைப் பற்றி விசாரித்தார். அப்பா இறந்து மூன்று மாதம். பக்கவாதத்தில் விழுந்து பதினோரு வருஷம் படுத்த படுக்கை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மணி என்ன, கதவைச் சாத்தினியா, தண்ணி கொண்டா என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். தங்கை கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அக்காவுக்கு வந்த வரன்கள் அப்பாவின் கட்டிலைப் பார்த்ததும் காப்பியைக் குடித்த கையோடு எழுந்து போய்விட்டன.

"எப்படி இறந்தார்?"

"தூக்கத்துல. நிம்மதியா."

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினார்?"

"ஞாபகம் இல்ல."

அந்தக் கடைசி வாரமே ஞாபகமில்லை. ஈரத்துணியால் துடைத்த பலகை மாதிரி இருந்தது. டாக்டர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "மனசுல வர்றதை அப்படியே எழுதிட்டு வாங்க. ஒழுங்கா இருக்கான்னு பார்க்காதீங்க. அடிச்சுத் திருத்தாதீங்க."

நாலாவது வாரம் நோட்டைப் புரட்டிய டாக்டர் ஒரு வரியில் விரலை வைத்தார். *வியாழக்கிழமை காலை அப்பாவை அடக்கினேன்.*

அக்கா எட்டிப் பார்த்தாள். "அடக்கம் பண்ணினோம்னு எழுத வந்தேன். கை தவறிடுச்சு."

"இருக்கட்டும். அடக்கினேன்னா உங்களுக்கு என்ன தோணுது?"

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்," என்று கிசுகிசுத்தாள். "ரெண்டு ஷிப்ட் முடிச்சுட்டு அப்பதான் வந்தேன். மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கட்டில்கிட்ட போய் நின்னு, வாயை மூடுங்க! இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

கடைசிச் சொற்கள் முழுக் குரலில் வெளியே வந்து விழுந்தன. தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூடிக்கிட்டார் டாக்டர். அப்புறம் பேசவே இல்ல. தண்ணிகூடக் கேட்கலை. அந்த மூணு நாளும் நான் நல்லாத் தூங்கினேன். இப்படியே இருந்துட்டா தேவலைன்னு நினைச்சேன். புதன்கிழமை காலைல பார்த்தா உடம்பு சில்லுனு இருந்துது."

அழுது முடிக்கும்வரை டாக்டர் குறுக்கிடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த நினைப்பை உங்களால தாங்க முடியலை. அதனால மனசு அதை உங்க கண்ணுல படாத இடத்துல போட்டு மூடிடுச்சு. மூடினா அழிஞ்சு போயிடாது. போன்ல திரும்பத் திரும்பக் கேட்ட பெரியவரைப் பத்திச் சொன்னீங்களே, அன்னிக்கு அவர்கிட்டயும் அதையேதான் வேற வார்த்தைல சொல்லப் போனீங்க. உடனே மனசு உங்க வாயையே அடைச்சுடுச்சு."

"அப்ப நான்தான் கொன்னேனா?"

"இல்ல. அவருக்கு வயசு எண்பத்து மூணு. கோபம் யாரையும் கொல்லாது. ஆனா நான் சொன்னதும் நீங்க நம்பிடப் போறதில்ல. நாளாகும்."

நாளாகத்தான் ஆயிற்று. அன்று வந்த குரல் சாயங்காலத்துக்குள் மறுபடி கம்மிவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வேலைக்கும் போனாள். ஆனால் தங்கையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயிலேறிப் போய், சமையலறையில் அவள் எதிரே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள்.

தங்கை கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக்கையைத் துடைக்கக்கூட இல்லை.

"பதினோரு வருஷத்துல நான் எத்தனை நாள் வந்து தங்கினேன்க்கா?" என்றாள். "எண்ணிப் பார்க்கவே பயமா இருக்கு."

அக்கா துண்டை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டாள்.

குரல் முழுதாக வந்த பிறகும் அக்கா அந்த மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. "அதான் பேச்சு வந்துடுச்சே, இன்னும் எதுக்குக்கா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள்.

"பேச வேண்டியது இன்னும் இருக்கே," என்றாள் அக்கா.